அணையாத எயார்பேக் லைற்: கிளிநொச்சியில் ஒரு பழைய கொரோலா

கிளிநொச்சியில் உள்ள எங்கள் வாகன மின்வேலைக் கடைக்கு வந்த ஒரு காரைப் பற்றிய பதிவு இது. உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அவை இல்லை.

எயார்பேக் என்பது மோதலில் விரிந்து ஆளைத் தாங்கும் காற்றுப் பை, அதில் பழுது என்றால் மீற்றரில் ஒரு லைற் எரியும். அந்த லைற் எரிவதை வன்னியில் பலர் ஒரு பழுதாகவே எடுப்பதில்லை. கார் ஓடும், ஏசி குளிரும், பிரேக் பிடிக்கும். வருடா வருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும், அந்த லைற்றைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் அது எரிந்துகொண்டிருந்தால், மோதும் நேரத்தில் பை விரியும் என்று நம்ப முடியாது. எங்கள் வீதிகளில் இரவில் மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத உழவு இயந்திரம் வரும். இங்கே அந்தப் பை தேவைப்படாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பின்னணி

கார் 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் தயாரான டொயோட்டா கொரோலா 121. உரிமையாளர் ஒரு ஆசிரியை. ஏ35 வீதியோரக் கிராமம் ஒன்றிலிருந்து பரந்தன் வழியாக நாளாந்தம் பாடசாலைக்கு வந்துபோகிறார். வீட்டில் வயதான தாயாரும் பாடசாலை போகும் மகளும் இருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருபது வயதைத் தொட்ட கார்களும் நல்ல விலைக்குப் போயின. ஆசிரியை 2021இல் இந்தக் காரை வாங்கியபோது எஞ்சின் சத்தம் கேட்டார்கள், அடிச்சட்டம் பார்த்தார்கள், பதிவுப் புத்தகம் சரிபார்த்தார்கள். மீற்றரில் எந்த லைற் எப்போது எரிந்து எப்போது அணைகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கும் வழக்கம் இங்கே இன்னும் வரவில்லை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கார் மாதக்கணக்கில் கொட்டிலுக்குள் நின்றது. பற்றரி இறங்கிப் போனது. 2023 மாரி தொடங்கியதும் எயார்பேக் லைற் விட்டுவிட்டு எரிந்தது, வெயில் நாட்களில் அணைந்தது. தை பிறந்த பிறகு அணையவே இல்லை. அதே நாட்களில் ஹோர்னும் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஸ்ரியரிங் நேராக இருந்தால் அடிக்காது, இடப்பக்கம் திருப்பினால் அடிக்கும். அவர் இரண்டையும் வெவ்வேறு பழுதாகவே நினைத்திருந்தார்.

எங்களிடம் வருமுன் நடந்தவை

முதலில் பற்றரி மாற்றியிருக்கிறார்கள். அது தவறான யோசனை அல்ல. இந்தக் காரில் மின்னழுத்தம் இறங்கினாலும் எயார்பேக் லைற் எரியும், அழுத்தம் சரியானதும் தானாக அணையும். மாதக்கணக்கில் நின்ற காருக்கு அதை முதலில் பார்த்தது நியாயம். ஆனால் புதுப் பற்றரி போட்ட பிறகும் லைற் அணையவில்லை.

அடுத்து ஒரு கராஜில் கைபேசியோடு இணைந்து கோட் (பழுதைக் குறிக்கும் இலக்கம்) வாசிக்கும் சிறிய ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "கோட் ஒண்டும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வகைச் சிறிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்சின் கணினியோடு மட்டுமே பேசும். எயார்பேக்குக்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதை வாசிக்காத கருவி கோட் இல்லை என்று காட்டினால், அந்தப் பெட்டியிடம் அது கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம். பழுது இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, லைற்றையே கழற்றிவிடலாம், செலவும் இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஆசிரியை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் படிப்பிக்கும் ஒருவர் சொல்லி எங்களிடம் கொண்டுவந்தார்.

நாங்கள் கண்டவை

சாவியைத் திருப்பியதும் லைற் எரிந்தது, வழமையாக அணையவேண்டிய ஆறு விநாடி கடந்தும் நின்றது. லைற் உயிரோடு இருக்கிறது, முன்பு யாரும் அதில் கைவைக்கவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. பழுதை மறைக்க லைற்றைக் கழற்றிவிட்ட கார்களில் சாவி போட்டால் அது ஒரு கணமும் எரியாது. வேறு சிலவற்றில் ஒயில் லைற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். இரண்டையும் இந்தக் கடையிலேயே பார்த்திருக்கிறோம்.

பிறகு கோட் வாசித்தோம். விலைகூடிய ஸ்கேனர் இல்லாமலும் இந்தக் காரில் அதைச் செய்யலாம். ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைச் சொக்கற்றில் 4ஆம் முனையையும் 13ஆம் முனையையும் ஒரு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எயார்பேக் லைற்றே எண்ணிக் காட்டும். முனை மாறி இணைத்தால் வேறு பெட்டிகள் எரிந்துபோகலாம், ஆகவே படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்யவேண்டும். பழுது இல்லாவிட்டால் லைற் வேகமாக, சீராக மின்னும். இங்கே ஒரு மின்னல், ஒன்றரை விநாடி இடைவெளி, பிறகு நான்கு மின்னல். பதினான்கு. சாரதிப் பக்கப் பைக்குப் போகும் மின்வழி அறுந்திருக்கிறது என்பது அதன் பொருள். அதைத் தொடர்ந்து இன்னொரு கோட்டும் வந்தது. அது இடது பக்க சீற் பெல்ற்றைச் சட்டென்று இறுக்கும் பாகத்துக்கு உரியது.

கோட் 14உம் ஹோர்னும் ஒரே இடத்தைக் காட்டின. ஸ்ரியரிங் சக்கரம் சுழலும், அதன் கீழே உள்ள தண்டின் உறை சுழலாது. சுழலும் பக்கத்துக்கும் சுழலாத பக்கத்துக்கும் இடையே மின்சாரத்தைக் கொண்டுபோக, சக்கரத்தின் பின்னால் ஒரு தட்டையான பெட்டி இருக்கிறது. அதற்குள் மெல்லிய நாடா போன்ற கம்பி சுருண்டு கிடக்கும். கிளொக் ஸ்பிரிங் என்போம். ஹோர்னும் சாரதிப் பையும் அந்த ஒரே நாடா வழியாகத்தான் போகின்றன. திருப்பினால் அடித்து, நேராக்கினால் நிற்கும் ஹோர்ன், நாடா எங்கோ வெடித்திருப்பதன் நல்ல அடையாளம்.

பெல்ற் கோட்டுக்குக் காரணம் காலடியில் கிடைத்தது. இடப்பக்கத்தில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணின் அடியில் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினோம். அரித்தெடுத்த மா போல மெல்லிய, காய்ந்த வண்டல் படிந்திருந்தது. விரலால் தொட்டால் செம்மண் நிறத்தில் ஒட்டியது. மஞ்சள் சொக்கற்றின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. விற்றவரிடம் ஆசிரியை தொலைபேசியில் கேட்டபோது, 2018 டிசம்பர் வெள்ளத்தில் கார் கதவுப்படி வரை தண்ணீரில் நின்றதை ஒத்துக்கொண்டார். அந்த மாதம் 21ஆம், 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வெள்ளத்தில் நின்று, கழுவிக் காயவைத்து, பிறகு கைமாறிய வாகனங்கள் இன்னும் ஓடுகின்றன.

எலி கடித்த தடயம் இருக்கிறதா என்றும் பார்த்தோம். நெல் மூட்டை ஏற்றும் கார்களில் அது வழமை. இதில் இல்லை.

என்ன செய்வது என்று தீர்மானித்தது

மேசையில் மூன்று வழிகள் இருந்தன. லைற்றைக் கழற்றுவது ஒன்று. பையின் இடத்தில் சிறிய மின்தடை ஒன்றைச் செருகி, பெட்டியை ஏமாற்றி லைற்றை அணைப்பது இன்னொன்று. பழுதைத் தேடித் திருத்துவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் செலவு குறைவு. மூன்றாவதற்குப் பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும்.

இதற்கிடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. பை எப்படி விரிகிறது என்று ஆசிரியை கேட்டார். உள்ளே ஒரு சிறு வெடிபொருள் பற்றி வாயுவை உண்டாக்கும், ஒரு விநாடியின் நூறில் மூன்று பங்கு நேரத்துக்குள் பை நிரம்பும் என்று விளக்கினேன். கூட வந்திருந்த தாயாரின் முகம் மாறிவிட்டது.

"வெடிமருந்தையோ இவ்வளவு நாளும் வீட்டு முத்தத்தில விட்டு வச்சிருந்தனாங்கள்? அதைக் கழட்டி எறியுங்கோ தம்பி."

இதைச் சிரித்துக் கடக்க முடியாது. கண்ணிவெடி அகற்றிய பிறகே சொந்தக் காணிக்குள் கால் வைக்கமுடிந்த மக்கள் நாங்கள். வெடிக்கும் பொருள் என்றால் தள்ளி நிற்கவேண்டும் என்பதை இந்த மண் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கினோம். மருந்து உலோக உறைக்குள் அடைபட்டிருக்கிறது, காருக்குள் சாதாரணமாக மின்சாரம் பாய்ந்தால்தான் பற்றும், கழற்றி வீட்டில் வைப்பதும் குப்பையில் போடுவதும்தான் உண்மையில் ஆபத்து. யாராவது எரித்தாலோ பிள்ளைகள் நோண்டினாலோ அது விரியும். காருக்குள் இருக்கவேண்டிய இடத்தில், ஒழுங்கான இணைப்போடு இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. அவர் முழுதாகச் சமாதானமானார் என்று சொல்லமாட்டேன். "சரி, செய்யிறதைச் சரியாச் செய்யுங்கோ" என்றார்.

ஆசிரியை மூன்றாவது வழியைத் தேர்ந்தார். "லைற் எரியிறது எனக்குப் பிரச்சினை இல்லை அண்ணை, அது ஏன் எரியுது எண்டு தெரியோணும்" என்றார். வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

பழைய கார்களில் இருந்து கழற்றிய எயார்பேக்கையோ கிளொக் ஸ்பிரிங்கையோ பூட்டுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். எந்த வெள்ளத்தில் நின்றது, எந்த மோதலில் இருந்தது என்று தெரியாத பாகத்தை உயிர் காக்கும் இடத்தில் வைக்கமுடியாது. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகம் கிடைக்கும் விலையைவிடப் புதியது இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஆசிரியை சம்பளம் வரும்வரை பொறுத்து, புதியதையே எடுத்தார்.

வேலை நடந்த விதம்

பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் 90 விநாடிக்கு மேலேயே காத்திருந்தோம். பற்றரி கழன்றாலும் பையை விரிக்கப் போதுமான மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்ச நேரம் தேக்கி வைத்திருக்கும். மோதலில் பற்றரி நசுங்கினாலும் பை விரியவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. வேலை செய்பவருக்கு அதுவே ஆபத்து.

கோட் 14 வந்தால் பையில் பழுதா, கிளொக் ஸ்பிரிங்கில் பழுதா, அதற்கும் கீழுள்ள வயரிலா என்று பிரித்தறிய வேண்டும். பையின் முனைகளில் மல்ரிமீற்றரை வைத்து அளக்கவே கூடாது. மீற்றர் அனுப்பும் சிறு மின்சாரமே சில வேளை அதைப் பற்றவைக்கப் போதும். பையைக் கழற்றி, தோல் பக்கம் மேலே பார்க்கத் தனியாக வைத்தோம். அதன் இடத்தில் இரண்டு ஓம் மின்தடை ஒன்றைச் செருகி, பற்றரியை இணைத்துக் கோட் பார்த்தோம். 14 அப்படியே நின்றது. ஆகவே பை குற்றவாளி அல்ல. மறுபடி பற்றரியைக் கழற்றி, காத்திருந்து, அதே மின்தடையைக் கிளொக் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள சொக்கற்றில் செருகினோம். 14 போய்விட்டது. பழுது இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில், அதாவது கிளொக் ஸ்பிரிங்குக்குள்.

பெட்டியை ஏமாற்றப் பயன்படும் அதே மின்தடைதான் இது. ஒரு மணி நேரம் செருகி எடுத்தால் பழுது இருக்கும் இடத்தைக் காட்டும். செருகியபடி விட்டு மூடினால், பை கிடைக்கும் என்று நம்பி ஓட்டுகிறவரை ஏமாற்றும். இந்த வேலை பழகுகிற பையன்களுக்கு இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம்.

பழைய கிளொக் ஸ்பிரிங்கைப் பிரித்து ஆசிரியைக்குக் காட்டினோம். செப்பு நாடா ஒரு மடிப்பில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. மூடியின் உட்பக்கம் முழுக்க செம்புழுதி. ஸ்ரியரிங் பையைப் பிடிக்கும் நட்சத்திரத் தலைத் திருகாணிகளின் வாய் முன்பே சிதைந்திருந்ததால், யாரோ சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார்கள் என்பது தெளிவு. நாடாவை நடுநிலைக்குக் கொண்டுவராமல் மறுபடி பூட்டினால், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அது இழுபட்டு மடிப்பில் நோகும். வயதும் புழுதியும் இதுவும் சேர்ந்து வேலையைக் காட்டியிருக்கின்றன என்பது என் கணிப்பு.

புதியதைப் பூட்டும்போது முன் சில்லுகளை நேராக்கி, கிளொக் ஸ்பிரிங்கை இடஞ்சுழியாகக் கையால் இறுகும்வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ இரண்டரைச் சுற்று வந்து, குறிகள் இரண்டும் நேர்ப்பட்ட பிறகே சக்கரத்தை ஏற்றினோம். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் புதுப் பாகமும் சில மாதத்தில் போய்விடும்.

பெல்ற் பக்கம் வேலை எளிது. சொக்கற்றைக் கழற்றி, மின்முனை கழுவும் திரவத்தால் கழுவி, காற்றடித்துக் காயவிட்டோம். முனைகளின் பூச்சு அரிபடவில்லை, வயரும் நல்லாக இருந்தது. அரித்திருந்தால் வெட்டி ஒட்டியிருக்க மாட்டோம். எயார்பேக் வயரில் ஒட்டுப் போடக்கூடாது என்பது கையேட்டின் விதி. தரைவிரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டு, வண்டலைச் சுரண்டி எடுத்தோம்.

கோட்களை அழிக்க எயார்பேக் பெட்டியோடு பேசும் ஸ்கேனர் உள்ள ஒருவரை வவுனியாவிலிருந்து வரவழைத்தோம். சாவியைத் திருப்பினால் லைற் ஆறு விநாடி எரிந்து அணைந்தது. ஹோர்ன் எந்தக் கோணத்திலும் அடித்தது.

லைற் சொல்லாத ஒன்று

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த வயது ஜப்பானியக் கார்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு, அதற்கு லைற்றிடம் பதில் இல்லை. லைற் பார்ப்பது மின்வழியை மட்டுமே. பைக்கு வாயு தரும் குப்பிக்குள் மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஜப்பானின் தக்காட்டா நிறுவனம் தயாரித்த எயார்பேக் குப்பிகளில் அமோனியம் நைத்திரேற்று பயன்பட்டது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத குப்பிகளில், வருடக்கணக்கான வெக்கையும் ஈரப்பதமும் மருந்தைக் கெடுத்தன. அப்படிக் கெட்ட மருந்து தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, உலோகக் குப்பியையே சிதறடித்து, துண்டுகளை ஆளின் மேல் எறிந்தது. உலகின் பல நாடுகளில் ஆட்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் மாற்றிக் கொடுப்பதற்காகத் திரும்ப அழைக்கப்பட்ட குப்பிகள் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம். 2017 ஜூனில் அந்த நிறுவனம் திவால் மனுத் தாக்கல் செய்தது. ஜப்பானில் 2018 மே மாதத்திலிருந்து, இந்தத் திருத்தத்தைச் செய்யாத, ஆபத்துக் கூடிய வாகனங்கள் கட்டாயப் பரிசோதனையில் தேறமுடியாது.

அந்த ஏற்பாடுகள் அங்குள்ள உரிமையாளருக்கு. ஜப்பானில் பாவித்துக் கப்பலேறி, கைமாறிக் கைமாறிக் கிளிநொச்சிக்கு வந்த காரின் உரிமையாளருக்கு யார் கடிதம் போடுவது? வெக்கையும் மாரி ஈரமும் மாறி மாறி வரும் எங்கள் ஊர், அந்த மருந்துக்கு நல்ல இடமும் இல்லை.

இந்தக் காலத்துக் கொரோலாக்களில் ஒரு பகுதி, பயணிப் பக்கக் குப்பிக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. காரின் அடையாளமான சேசி இலக்கத்தை ஜப்பானியத் தயாரிப்பாளரின் தேடுதளத்தில் போட்டுப் பார்த்தோம். இந்தக் கார் பட்டியலில் இருந்தது, திருத்தம் செய்யப்பட்டதாகப் பதிவு இல்லை.

பயணிப் பக்கப் பையின் சொக்கற்றைக் கழற்றிவிடலாமா என்று பேசினோம். 2014இல் பாகம் போதாமல் இருந்தபோது டொயோட்டாவே சில கார்களில் பயணிப் பையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து, அந்த சீற்றில் யாரும் இருக்கவேண்டாம் என்று அறிவித்தது உண்மை. ஆனால் நாங்கள் சொக்கற்றைக் கழற்றினால் எயார்பேக் லைற் மறுபடி நிரந்தரமாக எரியும். நாளைக்குச் சாரதிப் பக்கத்தில் பழுது வந்தால் அது தெரியவராது. லைற்றை அணைக்க மின்தடை செருகவேண்டி வரும், எதை மறுத்தோமோ அதுவே. ஆகவே பையை அப்படியே விட்டு, இடது முன் சீற்றில் யாரையும் இருத்துவதில்லை என்று தீர்மானித்தோம். இது ஆபத்தைக் குறைக்கிறது, முழுதாக நீக்கவில்லை. அதையும் ஆசிரியையிடம் மறைக்காமல் சொன்னோம்.

பிறகு

அடுத்த மாரி முழுக்க கார் ஓடியது. சாவி போட்டதும் எரிந்து அணைவதைத் தவிர லைற் ஒருமுறையும் எரியவில்லை. மழை விட்ட பிறகு நடுத்தூண் மூடியைத் திறந்து பார்த்தோம், சொக்கற் காய்ந்தே இருந்தது. ஆசிரியை குப்பி மாற்றக் கோரி, சேசி இலக்கத்தோடு கொழும்பில் உள்ள டொயோட்டா முகவருக்கு எழுதியிருக்கிறார். கோரிக்கை பதிவாகியிருக்கிறது, பாகம் இன்னும் வரவில்லை. மகள் பின் சீற்றில் பெல்ற் போட்டு வருகிறாள். முன்னால் இருக்கப் பிடிவாதம் பிடித்தவளுக்குக் காரணத்தை விளங்கப்படுத்தியவர் அம்மம்மாதான்.

நடைமுறையில் மாற்றியவை

கார் வாங்க முன் காட்டக் கொண்டுவருகிறவர்களுக்கு இப்போது சாவி போட்டதும் எயார்பேக் லைற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறோம். எரியவேண்டும், பிறகு தனியாக அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்தலாம். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி வண்டல் பார்ப்பதும், 2018 டிசம்பரில் கார் எங்கே நின்றது என்று விற்பவரிடம் நேராகக் கேட்பதும் அதே வரிசையில் வருகின்றன.

எயார்பேக் வேலைக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் பற்றுச்சீட்டில் கோட் இலக்கம், மாற்றிய பாகம், மின்தடை எதுவும் உள்ளே விடப்படவில்லை என்ற வரி, மூன்றையும் எழுதிக் கொடுக்கிறோம். கார் கைமாறினால் அந்தச் சீட்டும் கூடப் போகவேண்டும்.

சேசி இலக்கத் தேடலை முன்பு கேட்டவர்களுக்கு மட்டும் செய்தோம். இப்போது பழைய ஜப்பானியக் கார் ஒயில் மாற்ற வந்தாலும் செய்கிறோம், காசு வாங்குவதில்லை. பட்டியலில் இருந்தால் பக்கத்தை அச்செடுத்து உரிமையாளர் கையில் கொடுத்து, முகவருக்கு எழுதவேண்டிய கடிதத்தையும் அங்கேயே எழுதிக் கொடுக்கிறோம்.